துர்காவுக்குச் சீட் கிடைக்குமா

அருப்புக்கோட்டைக்கும் எம்.ரெட்டியபட்டிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்களில் முத்துராஜைப் பயந்த ஆள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒருமுறை ஓடுகிற ஆட்டோவில் பின்பலகைக்கு அடியிலிருந்து சாரைப்பாம்பு தலையை நீட்ட, உள்ளே இருந்த பெண்கள் அத்தனை பேரும் ரோட்டில் குதித்துவிட்டார்கள். முத்துராஜ் இறங்கி, சாக்கைப் போட்டு அதைச் சுருட்டிக்கொண்டு போய் ஓடைக்குள் உதறிவிட்டு வந்து, நேரமாகுது ஏறுங்க என்றார். ஆள் ஏற்றுவது தொடர்பாக பஸ்காரர்கள் நாலு பேர் சேர்ந்து வழிமறித்தபோதும் சாவியைக்கூட எடுக்காமல் இறங்கிப் போய்ப் பேசியவர்தான்.

அவருடைய அப்பா பால்ச்சாமி கடைசிவரை அடுத்தவர் புஞ்சையில் கூலிக்குப் போனவர். பெரும்பாலும் ஜெகதீஸ்வரன் வீட்டுப் புஞ்சை. பால்ச்சாமி அவரை மொதலாளி என்று கூப்பிட்டார். முத்துராஜ் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறார். அந்தச் சொல் மாறுவதற்குள் முத்துராஜுக்குப் பாதி வயது போய்விட்டது. பத்தாவது தேறி ஐ.டி.ஐ.யில் இடம் கிடைத்த வருஷம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. படிப்பு அதோடு நின்றது. திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் பல வருஷம் கிடந்துவிட்டு, ஊர் திரும்பி, முதலில் வாடகை ஆட்டோ, பிறகு சொந்த ஆட்டோ. மனைவி சங்கரம்மாள் பஞ்சாலை வேலைக்குப் போகிறார். ஒரே பிள்ளை துர்காதேவி.

துர்கா நன்றாகப் படிக்கிற பிள்ளை என்பது முத்துராஜுக்குத் தெரியும். எவ்வளவு நன்றாக என்பது சுபத்ரா டீச்சர் வீடு தேடி வந்தபோதுதான் தெரிந்தது. உயிரியல் எடுக்கிற டீச்சர். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் தனி ஒதுக்கீடு இருக்கிறது, சீட் கிடைத்துவிட்டால் கட்டணத்தை அரசாங்கமே கட்டிவிடும், துர்கா நீட் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். துர்கா எழுதினாள். முதல் தடவையில், அவர்கள் பிரிவில் கடைசியாக சீட் வாங்கிய பிள்ளையைவிட நாலு மார்க் குறைந்துபோனது.

அவள் அழவில்லை. அடுத்த வருஷம் எழுதுறேன்ப்பா என்று சொல்லிவிட்டு, கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்து வைத்தாள். சங்கரம்மாள்தான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். பிள்ளை தைரியசாலி என்று முத்துராஜ் நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலையில் பக்கத்து ஊர்க்காரர்கள் ரோட்டை மறித்து அவருடைய ஆட்டோவை நிறுத்தினார்கள். ஏறியிருந்தவர்களை இறக்கிவிட்டு ஒரு பெண்பிள்ளையைத் தூக்கி உள்ளே கிடத்தினார்கள். துர்கா வயதுதான் இருக்கும். அதே பரீட்சை எழுதித் தோற்ற பிள்ளை. பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே, கூட ஏறிய அந்தப் பிள்ளையின் அம்மா, வண்டியை நிறுத்திரு தம்பி, இனிமே வேகமாப் போயி என்ன செய்ய என்று சொல்லிவிட்டார். முத்துராஜ் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை அதே வேகத்தில் ஓட்டினார். மறுநாள் ஆட்டோவைக் கண்மாய்க்கரைக் குழாயடியில் நிறுத்தி ஒருபொழுது முழுக்கக் கழுவினார். இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஊரில் அந்தச் செய்தியைப் பேசிக்கொண்டபோதும், யாருடைய வண்டியில் கொண்டுபோனார்கள் என்பது சங்கரம்மாளுக்கும் துர்காவுக்கும் தெரியாமலே போயிற்று.

அன்றைக்கு அவருக்குள் புகுந்த பயம் அதன் பிறகு வெளியே போகவில்லை.

துர்கா மறு வருஷம் முழுக்க வீட்டிலிருந்தே படித்தாள். மதுரையில் விடுதியோடு சேர்ந்த இலவசப் பயிற்சி ஒன்று இருக்கிறது, போய்ச் சேரட்டும் என்று டீச்சர் சொன்னார். முத்துராஜ், பொம்பளப்பிள்ளய வெளியூர்ல எப்படி டீச்சர் விடுறது என்று மறுத்துவிட்டார். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்பது டீச்சருக்குத் தெரியும், ஆச்சரியப்பட்டார். கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப முடியாது என்பதுதான் உண்மைக் காரணம். அதை வாய்விட்டுச் சொல்ல அவரால் முடியவில்லை.

இரண்டாவது தடவை ரிசல்ட் வந்தது. முந்தின வருஷத்தைவிட நாற்பது மார்க் கூட. சங்கரம்மாள் அப்போதே குலசாமிக்குப் பொங்கல் என்று நேர்ந்துகொண்டார். ஆட்டோவில் தினமும் ஏறுகிற நாகராஜ், டவுனில் இன்சூரன்ஸ் ஆபீசில் இருப்பவர், போன வருசக் கணக்குக்கு இது எவ்வளவோ மேல, உறுதியாக் கிடைக்கும் என்று மற்றவர்கள் காதிலும் விழும்படி சொன்னார். மறுநாள் அவரே, இந்த வருஷம் கேள்வித்தாள் லேசாம், எல்லாருக்கும் மார்க் ஏறியிருக்காம், இழுபறியாத்தான் இருக்கும்போல என்றார். அதற்கு அடுத்த நாள் வேறொருவர், திரும்ப எழுதின பிள்ளைகள் இந்தத் தடவை ரொம்பப் பேர் என்றார். டவுனில் பையனைத் தனியார் பள்ளியில் படிக்கவைக்கிற ஒரு அம்மா, உங்களுக்கென்ன, ஒதுக்கீடு இருக்கு, சும்மா கிடைச்சிரும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எதிர்பார்க்கப்படும் கட்-ஆஃப் என்று துர்காவின் போனில் வீடியோக்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒருவர் சொன்ன கணக்கு மற்றவர் கணக்கோடு ஒட்டவில்லை. சுபத்ரா டீச்சர் மட்டும், வாய்ப்பு இருக்கு, ஆனால் உறுதி என்று என்னால் சொல்ல முடியாது என்றார். முத்துராஜ் அந்த வார்த்தையையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டினார். கிடைக்காது என்று ஒரேயடியாகச் சொல்லியிருந்தால் அதற்கேற்றபடி வீட்டில் காவல் இருந்திருக்கலாம். கிடைக்கும் என்றால் நிம்மதியாக வண்டி ஓட்டலாம். இரண்டும் இல்லாமல் எப்படி இருப்பது?

ஆகவே அவர் காவல் இருக்கத் தொடங்கினார். வீட்டுக்குப் பின்னால் மைத்துனர் வைத்திருந்த, பருத்திக்கு அடித்து மீந்த மருந்துகளைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்து, இனிமேல் இங்கே வைக்காதே என்றார். துர்கா படிக்கிற அறையின் உள்தாழ்ப்பாள் ஆடுகிறது, சரிசெய்யணும் என்று கழற்றியவர் அதைத் திருப்பி மாட்டவில்லை. நாலு டிரிப் ஓட்டினால் ஒரு தடவை வீட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தார். சார்ஜரை மறந்துட்டேன், துண்டு எடுக்க வந்தேன், தண்ணி குடிக்க வந்தேன். வாசலில் ஆட்டோச் சத்தம் கேட்டாலே துர்கா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, இந்தா இருக்கேன்ப்பா என்பாள். அவள் குரல் கேட்டதும் திரும்பிவிடுவார். அடுத்த டிரிப்பில் பாதி வழி போவதற்குள் மறுபடி வீட்டு நினைப்பு வந்துவிடும். பிரேக்கில் கால் வைக்க வேண்டிய இடத்தில் மறந்துபோய் ஒருமுறை மாட்டுவண்டி மீது மோதப் பார்த்தார்.

தரவரிசைப் பட்டியல் வந்த அன்று துர்கா தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். அவர்கள் பிரிவில் அவளுக்கு முன்னால் எத்தனை பேர், போன வருஷம் அந்தப் பிரிவில் எத்தனை இடம் என்று பார்த்தால், அவள் நிற்கிற இடமும் இடங்கள் முடிகிற இடமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. முன்னால் இருப்பவர்களில் நாலு பேர் வராமல் போனால் கிடைக்கும். எல்லோரும் வந்தால் கிடைக்காது. கணக்கை அப்பாவுக்குப் பொறுமையாக விளக்கிவிட்டு, பாதிக்குப் பாதிதான்ப்பா என்றாள். சொல்லும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பு முத்துராஜுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் உச்சிவெயிலில் அவர் வீட்டுக்கு வந்தபோது துர்கா இல்லை. கூப்பிட்டுப் பார்த்தார். அறையில் போன் மட்டும் சார்ஜில் கிடந்தது. சங்கரம்மாள் ஆலைக்குப் போயிருந்தார். வேலைநேரத்தில் அங்கே போனை எடுக்க விடமாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண், வடக்கே நடந்து போச்சே, பையி ஒண்ணு வச்சிருந்துச்சு என்றார். வடக்கே போனால் பஸ் நிறுத்தமும் வரும், ஜெகதீஸ்வரன் தோட்டத்துக் கிணறும் வரும். பஸ் நிறுத்தம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

ஆட்டோவை ரோட்டோரம் போட்டுவிட்டு வேலிக்கருவைக்குள் புகுந்து குறுக்கே ஓடினார். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை. கிணற்றின் விளிம்பில் கையை ஊன்றிக் குனிந்து பார்த்தார். அடியில் கொஞ்சம் தண்ணீர், பச்சையாக, அசையாமல் கிடந்தது. அசையாமல் கிடந்ததே அவரை இன்னும் பயமுறுத்தியது. துர்கா என்று கூப்பிட வாயைத் திறந்தார். கூப்பிட்டால் என்ன பதில் வருமோ, வராமலே போய்விடுமோ என்று மூடிக்கொண்டார்.

மோட்டார் அறையிலிருந்து ஜெகதீஸ்வரன் வெளியே வந்தார். என்னப்பா முத்து தேடுற என்று கேட்டார். ஆடு ஒண்ணு காணோம் அண்ணாச்சி என்றார் முத்துராஜ். ஆட்டையெல்லாம் போன வருசமே வித்துட்டியே என்று சொல்ல வந்த ஜெகதீஸ்வரன், முத்துராஜின் முகத்தைப் பார்த்து அப்படியே நிறுத்திக்கொண்டார். கிணற்றைப் பார்த்தார். பிறகு, "காலைல இருந்து நான் இங்கனதான் இருக்கேன். இந்தப் பக்கம் யாரும் வரல. நீ ரோட்டப் பாரு, நான் கண்மாய்ப் பக்கம் வண்டியில போயிப் பாக்குறேன்" என்றார். வேறு ஒன்றும் கேட்காமல் பைக்கை எடுத்தார். அதைக் கேட்டதும் முத்துராஜ் வரப்பில் உட்கார்ந்துவிட்டு எழுந்து ரோட்டுக்கு நடந்தார்.

துர்கா பஸ்ஸிலிருந்து இறங்கி எதிரே வந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போய், கலந்தாய்வுக்கு வேண்டிய சான்றிதழ்களில் தலைமையாசிரியர் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புகிறாள். காலையில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். போனில் சார்ஜ் இல்லாததால் வீட்டிலேயே விட்டுப் போயிருக்கிறாள். அப்பாவின் வெறுங்காலில் முள் கிழித்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. சட்டை முழுக்கக் கருவைச் சருகு. அவர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்பதை அவள் பார்த்தாள்.

"எதுக்குப்பா கிணத்துப் பக்கம் போனீக?"

 முத்துராஜ் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு ஆட்டோவரை நடந்தார். ஆட்டோவுக்குள் உட்கார்ந்த பிறகுதான் பேச்சு வந்தது. முந்தின வருஷம் நடந்ததை முதன்முதலாகச் சொன்னார். இந்த ஆட்டோவில்தான், நீ உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் அந்தப் பிள்ளையைக் கிடத்தினார்கள் என்றார். நிறுத்தச் சொல்லியும் தான் நிறுத்தாமல் ஓட்டியதைச் சொன்னார்.

"எனக்கு டாக்டரு வேணாம்த்தா. நீ இருந்தாப் போதும்."

 துர்காவுக்குக் கோபம் வந்திருந்தது. அது ஆற நேரம் பிடித்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள். போன வருஷம் ஒரு நாள் அப்படி நினைப்பு வந்தது உண்மைதான். பயந்துபோய் உடனே சுபத்ரா டீச்சருக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறாள். டீச்சர் அன்றைக்கே வந்து, கோயிலுக்குப் போகலாம் என்று வெளியே கூட்டிப்போய், பேசவைத்து, விருதுநகரில் ஒரு டாக்டரம்மாவிடமும் அழைத்துப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு பல நாள் தினமும் போனில் விசாரித்தார். அந்த நினைப்பு போய்விட்டது. இந்த வருஷம் வரவில்லை.

"இப்பவும் பயமா இருக்குப்பா. ஆனா அந்தப் பயம் இல்ல. நீங்க தாழ்ப்பாளக் கழட்டுனீக, மணிக்கொருக்க வந்து எட்டிப் பாக்குறீக. எனக்குக் கிடைக்காதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீகன்னுதான் நான் நெனச்சேன். ஒவ்வொரு வாட்டி நீங்க வரும்போதும் எனக்கு ரெண்டு மார்க் கொறஞ்ச மாதிரி இருக்கும்."

முத்துராஜ் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைக்கு ஒரு ஆபத்து வந்து, டீச்சர் தயவில் போயும்விட்டது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனக்குத் தெரியவில்லை. காக்க வேண்டிய நேரத்தில் தெரியாமல் இருந்துவிட்டு, காக்க வேண்டாத நேரத்தில் பிள்ளையை இம்சைப்படுத்தியிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. ஜெகதீஸ்வரன் பைக்கில் வந்து, துர்காவைப் பார்த்ததும் தூரத்திலேயே திருப்பிக்கொண்டு போனார். அதைப் பற்றி இன்றுவரை அவர் யாரிடமும் பேசியதில்லை.

அன்று சாயங்காலமே முத்துராஜ் தாழ்ப்பாளை மாட்டினார். மறுநாள் டீச்சரைத் தேடிப் போய், கும்பிட்டார். டீச்சர் புரிந்துகொண்டு, கலந்தாய்வுக்கு நீங்களே கூடப் போங்க, இனிமே எதையும் அவகிட்டயே கேளுங்க என்றார்.

கலந்தாய்வு சென்னையில் நடந்தது. ரயிலில் போகும்போதே அப்பாவும் மகளும் ஒன்று பேசிவைத்துக்கொண்டார்கள். எம்.பி.பி.எஸ். எந்த ஊரில் இருந்தாலும் எடுப்பது. அது முடிந்துவிட்டால் பல் மருத்துவம். அதுவும் இல்லையென்றால் ஊருக்குத் திரும்பி வந்து யோசிப்பது. மறுபடியும் எழுதுவதா இல்லையா என்ற பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை.

பெரிய கூடம். முன்னால் திரையில் பிரிவு பிரிவாக மீதி இடங்கள் தெரிந்தன. ஒரு பிள்ளை உள்ளே போய்த் தேர்ந்தெடுத்துவிட்டு வந்தால் ஒரு எண் குறையும். கூடத்தில் இருந்த அத்தனை தாய் தகப்பன்களும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிடும்போது ஒரு பெயருக்கு ஆள் எழவில்லை என்றால், முகத்தில் காட்டிக்கொள்ளாமல் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார்கள். முத்துராஜும் அப்படிச் சந்தோஷப்பட்டார். உடனே கூச்சமாக இருந்தது. துர்காவின் பக்கம் திரும்பக்கூடாது என்று உறுதியாக இருந்தார். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. இரண்டு கைகளாலும் முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

அவர்கள் பிரிவில் எண் மளமளவென்று இறங்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் நின்றது. வராதவர்கள் ஓரிருவர் இருந்தார்கள். கிடைத்துவிடும் என்று அவருக்கே தோன்றியது.  துர்காவுக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது திரையில் ஒரே ஒரு எம்.பி.பி.எஸ். இடம் மிச்சமிருந்தது. அந்த இரண்டு பேரில் முதலில் கூப்பிட்டது கண்ணாடி போட்ட ஒரு பெண்ணை. அவள் எழுந்து போனாள். சற்று நேரத்தில் அந்த இடத்தில் பூஜ்யம் விழுந்தது.

முத்துராஜ் முன்னிருக்கையிலிருந்து கைகளை எடுத்தார். இப்போது திரும்பிப் பார்த்தே ஆகவேண்டும். துர்கா திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. அடுத்த ஆளும் போய்வந்த பிறகு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். இருவரும் எழுந்து போனார்கள். மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்த அலுவலர், பல் மருத்துவத்தில் இடம் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறாயா அம்மா என்று தன்மையாகத்தான் கேட்டார். பின்னால் ஆள் நின்றது. துர்கா அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"என்னப்பா செய்ய? இன்னொரு வாட்டி எழுதவா?"

எடுத்துக்கொள் என்ற வார்த்தை முத்துராஜின் நாக்கு நுனியில் இருந்தது. இன்னொரு வருஷத்தை, ரிசல்ட் வருகிற இன்னொரு ஆனி மாதத்தை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஆனால் அது தன்னுடைய பயம் சொல்கிற பதில் என்பது அவருக்குத் தெரிந்தது. மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு, எனக்குத் தெரியலத்தா, உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு என்றார். இதைச் சொல்லும்போது பட்ட பயம் கிணற்றடியில் பட்டதற்குக் குறைந்ததில்லை என்று பின்னால் சங்கரம்மாளிடம் சொன்னார்.

 துர்கா அலுவலரிடம் திரும்பி, எடுத்துக்கிறேன் சார் என்றாள்.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு வருஷத்து அழுகை. போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்க்கும்படி அழுதாள். வேறொரு நாளாக இருந்தால் முத்துராஜ் பதறியிருப்பார். அன்றைக்கு ஏனோ அவருக்குப் பயம் வரவில்லை. அழட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அழுது ஓய்ந்தபின் கடையில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். இரண்டு பன் சாப்பிட்டாள்.

இப்போது அவள் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். முதல் சில மாதங்கள் எம்.பி.பி.எஸ். கிடைத்த பிள்ளைகளின் படங்களைப் போனில் பார்க்கும்போதெல்லாம் முகம் வாடும் என்று அவளே சொன்னாள். இப்போது பார்ப்பதில்லையா என்று சங்கரம்மாள் கேட்டதற்கு, பாக்கத்தான் செய்றேன், படிக்க நெறையக் கிடக்குல்ல என்றாள். நாகராஜ் இப்போதும் ஆட்டோவில் ஏறினால், இன்னும் ரெண்டு பேர் வராமல் போயிருந்தால் எம்.பி.பி.எஸ்.ஸே கிடைத்திருக்கும் என்று கணக்குச் சொல்வார். முத்துராஜ் கியரை மாற்றுவார்.

முதல் வருஷம் அவளைக் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட்ட அன்று அவர் தனியாகப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். பாதி வழியில் போன் அடித்தது. துர்காவின் பெயரைப் பார்த்ததும் போன் கைதவறிக் காலடியில் விழுந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் எடுத்துக் கொடுத்தார். காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அப்பா, வாளி வாங்க மறந்துட்டோம். இங்க குளிக்கத் தனியா வாளி வேணுமாம்."

பக்கத்துக் கடையில் வாங்கிக்கோ தாயி என்றார். என்ன கலர் வாங்க என்று அவள் கேட்டாள். உனக்குப் பிடிச்ச கலர் வாங்கு என்றார்.

பஸ் மதுரையைத் தாண்டும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் எப்போது தூங்கிப்போனார் என்று அவருக்குத் தெரியாது. அருப்புக்கோட்டையில் கண்டக்டர் தட்டித்தான் எழுப்பினார்.